கடையில் கிடைக்கிற தோட்டா

மச்சாளின் சமையலறை மேசையில், இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில், இரண்டு தோட்டாக்கள் நின்றன. மச்சாள் என் கணவரின் அக்கா. ஜேர்மனியில், டோர்ட்மண்டில் வளர்ந்து, பரீட்சை எழுதி, வேட்டை அனுமதி எடுத்தவர். "வெள்ளி மரக்கறி, சனி மானிறைச்சி. நல்ல சைவக்காரி!" என்று பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு தோட்டா எந்தத் துவக்குக் கடையிலும் விற்கிற மக்னம். மற்றது வைல்ட்கெட்: எந்தத் தொழிற்சாலையும் விற்காதது, மச்சாளின் வேட்டைச் சங்கத் தோழர் ஒருவர் தாமே வடிவமைத்து வீட்டில் நிரப்பியது. வேகம் கூட, தூரம் கூட என்று சங்கமே அதற்கு வக்காலத்து வாங்கியது. புதுத் துவக்கு வாங்கவிருந்த மச்சாள் கேட்டது ஒன்றுதான்: "தோட்டா முடிஞ்சா எந்தக் கடையிலை போய்க் கேக்கிறது?" மக்னம் போடுகிற துவக்கையே வாங்கினார். சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டார். பிறகு நானும் வேட்டை அனுமதி எடுத்தேன்; இன்று அந்தத் துவக்கு என் பெயரில் இருக்கிறது. என்னையும் வைல்ட்கெட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறமாட்டேன்.

பல வருடம் காத்திருந்த மச்சாளுக்கு அந்தத் துவக்கு வாங்கிய வருட இலையுதிர் காலத்தில்தான் மலைக்காடொன்றில் ஆண் மான் சுட அழைப்பு வந்தது. சனி மாலை, ஞாயிறு காலை, அவ்வளவுதான். நான்தான் கார் ஓட்டினேன். போய் இறங்கிப் பையைத் திறந்தால், தோட்டா இல்லை! துவக்கையும் தோட்டாவையும் வெவ்வேறு பெட்டகத்தில் பூட்டுகிறவர், ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துவிட்டார். "ஐயோ, என்ரை மண்டை!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஊர்த் துவக்குக் கடை பூட்டுகிற நேரம் ஓடிப்போய் ஒரு பெட்டி மக்னம் வாங்கினோம். வைல்ட்கெட் என்றால் அப்படியே வீடு திரும்பியிருப்போம்.

ஆனாலும் மச்சாள் காட்டுக்குப் போகவில்லை. "இது வேறை கொம்பனிப் பெட்டி, குண்டு படுற இடம் மாறும். முதல் கடதாசியிலை சுட்டுப் பாக்கோணும். பாக்காமல் ஒரு உயிரிலை சுட ஏலாது." காட்டுக்குப் பொறுப்பான கிழவர், மாலை போனால் போனதுதான், காலையில் மான் வருமென்று சொல்ல முடியாது என்றார். மச்சாள் அசையவில்லை. அந்த மாலை முழுவதும் சுடுதளத்தில் கடதாசிக்குச் சுட்டு, குறியைச் சரிசெய்தார்.

ஞாயிறு விடியலில் மான் வந்தது. ஒரே வெடி; நின்ற இடத்திலேயே விழுந்தது. மச்சாள் சற்று நேரம் அதன் கழுத்தில் கை வைத்திருந்தார். கிழவர், மானை வீழ்த்தியவரை வாழ்த்துகிற வேட்டை வழக்கப்படி, ஒரு தேவதாருக் கிளையை முறித்து, இரத்தம் தொட்டு, தம் தொப்பியில் வைத்து நீட்டினார்.

"மானுக்காகத்தான் இதைக் கொடுப்பது வழக்கம்," என்றார். "உனக்கு நேற்று மாலையே தந்திருக்க வேண்டும்."

மச்சாள் அப்போதுதான் அழுதார்.