சாக்கு கட்டிய முயல் கூடு

முயல் கூட்டுக்குச் சாக்கு கட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பழியை யாரும் என் மாமியார் தலையில் போட வேண்டாம்.

மாத்தளைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டம் ஒன்றில், தகரக் கூரை போட்ட லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லொறி ஓட்டினார். நாவுலைக்குப் போன ஒரு நாள் ஒரு சோடி முயல் வாங்கி வந்து, பின்சுவரோடு தகரம் சாய்த்துக் கூடும் அடித்துக் கொடுத்தார். பெட்டை சினையானபோது எனக்கு ஏழாவது மாதம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாச்சி என்று லயமே கேலி செய்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சிரிப்பில்லை. முந்தின வருடம் இதே வெயில் காலத்தில்தான் என் தலைச்சன் பிள்ளை எட்டு மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்திருந்தான். இதாவது தங்குமா என்ற ஒரே பயத்தில்தான் எழுந்தேன், தின்றேன், படுத்தேன்.

பிள்ளைத்தாச்சி உச்சி வேளையில் வெளியே நிற்கக் கூடாது, காத்துக் கறுப்பு அண்டிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் பதினொரு மணிக்கே என்னை உள்ளே விட்டு, இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி, வேப்பங்கொத்துச் செருகிவிடுவார். சுவரில் மாதா படமும் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு காவல்! தலைக்கு மேலே தகரம் கொதிக்கும். தலைச்சனுக்கும் இப்படித்தான் காத்தார். எனக்கு இருக்கிற காவல் அந்த வாயில்லாச் சீவனுக்கு வேண்டாமா என்று நினைத்து, தினமும் உச்சிக்கு முன்பே கூட்டைச் சுற்றிச் சாக்கு கட்டினேன். முயல் வாயைத் திறந்து இளைத்தது. காதைத் தொட்டால் சுட்டது. சினை இளைப்பு என்று நினைத்துக்கொண்டேன், மடைச்சி!

எனக்கு எட்டாம் மாதம் பிறந்த வாரம் அது ஆறு குட்டி போட்டது. நாலு செத்தே விழுந்தன. மற்ற இரண்டும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. தாயிடம் பாலும் இல்லை, மறுநாள் அவையும் போய்விட்டன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது என்ன சகுனம்? என் வயிற்றுக்கும் இதுதானா?

தோட்டத்து மாடுகளைப் பார்க்க வந்த சிங்கள மாட்டு டாக்டரை வீட்டுக்காரர் கூட்டி வந்தார். சாக்கைப் பார்த்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ, என்ன நோனா இப்புடி மூடி வச்சிருக்கீங்க? முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது. காதாலதான் சூடு வெளிய போகணும். வயித்துல குட்டி இருக்கறப்ப சூடு கூடினா குட்டி உள்ளுக்கே செத்துப் போகும். தப்பிச்சதும் சின்னதா வரும், தாய்க்குப் பாலும் இருக்காது. காத்துப்பட வையுங்க.”

காற்றுப்பட வை என்கிறார் படித்தவர். காற்றே படக்கூடாது என்கிறார் பிள்ளை பெற்று வளர்த்த மாமியார். நான் யார் பேச்சைக் கேட்பது? மனுசிக்கும் அப்படியா ஐயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவர் பக்கத்திலேயே மாமியார் நின்றதால் கேட்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்து அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் சாத்த வந்தால் சண்டைதான். வந்தார், ஆனால் சாத்தவில்லை. எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“ஏன் புள்ள, டாக்டரு சொன்னது முயலுக்கு மட்டுந்தானே?”

“தெரியலங்க அத்தை.”

“போன வருசம் புழுங்குது, புழுங்குதுன்னு நீ அழுத. நான்தானே தொறக்க விடல. அப்ப நம்ம பையன...”

அவர் முகத்தில் எறிய நான் நேற்றிலிருந்து வைத்திருந்த சொல்லே அதுதான். அவர் வாயாலேயே அது வந்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆமாம் என்பதா, இல்லை என்பதா? உண்மை எனக்கும் தெரியாதே. இன்றைக்கும் தெரியாது.

“முயலும் மனுசியும் ஒண்ணா அத்தை? அது வேற ஏதோ கோளாறு” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜன்னலை யாரும் சாத்தவில்லை.

வைகாசியில் மகள் பிறந்தாள். லயம் முழுக்கக் கேட்க வீறிட்டு அழுதாள். “தூக்குங்க அத்தை” என்று நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“என் கை வேணாம் தாயி.”