முத்தையா குரல் கொடுத்தார்

அந்தக் குதிரைக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஒரு மனிதரின் இடுப்பெலும்பு முறிந்தது. பழியும் அவர்மீதே விழுந்தது... விழட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. கோபப்பட்டேன், பொறுமை இழந்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதாலா?

நான் பள்ளி ஆசிரியை, அறிவியல் பாடம். கணவர் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். ஒரே மகள் ரூபி. ஆனைக்குட்டம் போகும் வழியில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற தியோடர் சார் குதிரையேற்றம் சொல்லித் தருகிறார். ரூபி அங்கேதான் தடை தாண்டும் போட்டிக்குப் பழகினாள். அவள் பிடிவாதத்துக்காக ஒரு குதிரையை வாங்கி, அவர் லாயத்திலேயே விட்டிருந்தோம். பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த, பெயிண்ட் என்ற இனத்துக் குதிரை. முகம் முழுக்க வெள்ளை, இரண்டு கண்ணும் நீலம். உடம்பில் கண்டங்களை வரைந்துவைத்தது போலிருக்கிறது என்று அதற்கு அட்லஸ் எனப் பெயர் வைத்தாள்.

எங்கள் பக்கம் வெடிச்சத்தம் புதிதல்ல. பட்டாசுக் கம்பெனிகளில் அவ்வப்போது வெடித்துப் பார்ப்பார்கள். மற்றக் குதிரைகள் காதை விறைத்துக்கொண்டு துள்ளும். அட்லஸ் புல்லைத் தின்றபடி நிற்கும். சிவகாசிக் குதிரை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தியோடர் சார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார்.

ஒரு நாள் காலை, என் கையிலிருந்த டிபன் டப்பாவின் மூடி அதன் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. பக்கத்துக் குதிரைகள் திரும்பிப் பார்த்தன. அட்லஸின் காது மயிரளவும் அசையவில்லை. அதன் கண்ணில் படாத இடத்தில் நின்று கைதட்டினேன். மறுநாள் விசில் கொண்டுபோய் ஊதிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். முகம் வெளுத்து, நீலக் கண்ணோடு பிறக்கும் இந்த வகைக் குதிரைகளில் சில பிறவியிலேயே செவிடு.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். "நான் பேசுனா அட்லஸ் கேக்கும்மா" என்று சிரிக்கும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த வாரம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. அந்தச் சத்தத்தில் இரண்டு குதிரைகள் பிள்ளைகளோடு மிரண்டு ஓடின. ஒரு சிறுமி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். என் ரூபி மட்டும் அட்லஸ் மேல் நிதானமாகத் திரும்பி வந்தாள். அந்தச் செவிட்டுக் காதுகளுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்! ஆலைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

முத்தையா அந்த லாயத்தில் குதிரைகளைப் பராமரித்தவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். குதிரையின் பின்பக்கம் போகிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. இல்லாவிட்டால் மிரண்டு உதைக்கும். பிள்ளைகளுக்கு அதைப் பழக்கியவரே முத்தையாதான்.

மதுரைப் போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. அட்லஸ் தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து தண்ணீர் வாளியோடு வந்தார் முத்தையா. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன்.

"ஏலே அட்லஸ், வாரேன்... அங்கிட்டு நவுந்துக்க."

வாளி அதன் காலில் இடித்தது. இரண்டு பின்னங்கால்களும் ஒன்றாக எழுந்தன. அவர் சுவரில் மோதி விழுந்தார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் தியோடர் சார் என்னிடம் வந்தார். குரல் கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்று முத்தையா சொல்கிறாராம். அது உண்மையானால் குதிரைக்குக் கெட்ட குணம் வந்துவிட்டது, பிள்ளைகளை ஏற்ற முடியாது, மதுரைக்கும் அனுப்ப முடியாது என்றார்.

"டீச்சர், நீங்க அங்கனதான நின்னீக. சத்தங் குடுத்தாரா, இல்லையா?"

எவ்வளவு எளிய கேள்வி! உண்மையைச் சொல்லியிருந்தால் முத்தையா சொன்னது மெய் என்று தெரிந்திருக்கும். குதிரையின் மீதும் குற்றமில்லை என்று ஆகியிருக்கும். ஆனால் செவிட்டுக் குதிரையில் தடை தாண்ட அவர் விடுவாரா? ரூபியை வேறு குதிரையில் ஏற்றுவார்... வெடிச்சத்தத்துக்கு ஓடும் குதிரையில்.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்ன பொய்.

மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. முந்தின நாள் போட்டது தெளிந்திருக்காது, குதிரைக்குப் பதில் சுவருக்குக் குரல் கொடுத்திருப்பார் என்று லாயத்தில் சிரித்தார்கள். அவர் குடிப்பவரே அல்ல. வேலையும் போயிற்று. ரூபி மதுரையில் மூன்றாவதாக வந்தாள். கோப்பையோடு அவள் நிற்கும் படம் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. நான் அதைப் பார்த்தபடி நாற்காலி போடுவதில்லை.

மறு வருடம் அவள் கோவைக்குப் படிக்கப் போனாள். அட்லஸை ஒரு பண்ணைக்காரருக்குக் கொடுத்தோம். அவரைத் தனியே அழைத்து, காது கேட்காது, முன்பக்கமாகவே போங்கள் என்று சொன்னேன். அந்நியர் ஒருவரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்தான் ஆயிற்று! அந்த ஒரு நிமிடம் ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்கே போயிருந்தது?

போன மாதம் கணவரின் வேலையாக விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனிக்குப் போனேன். வாசலில் காவலுக்கு முத்தையா இருந்தார். என்னைக் கண்டதும் கம்பை ஊன்றி எழுந்தார். ரூபியை விசாரித்தார், அட்லஸையும் விசாரித்தார். கம்பில் சாய்ந்து நின்றபடி மெதுவாகச் சொன்னார்.

"நெனச்சு நெனச்சுப் பாத்தேன் டீச்சர். நாந்தான் சத்தங் குடுக்காமப் போயிருக்கேன். குடுத்தாப்புல எனக்கு ஒரு நெனப்பு, அவ்வளவுதான். அம்புட்டுப் பேரும் பொய்யா சொல்லுவாக? வாயில்லாச் சீவன் மேல பழியப் போட்டுட்டனேன்னுதான் மனசு கெடந்து அடிச்சிக்கிடுது."

அவருடைய நினைவையே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன்... அவரோ குதிரைமீது பழி போட்டதாக வருந்திக்கொண்டிருக்கிறார்!

சுற்றிலும் யாருமில்லை. சொல்லியிருக்கலாம்.

"பழசெல்லாம் எதுக்குண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்துவிட்டார். நான் உள்ளே போனேன்.