சிவப்பு அரளி

வாழையிலைத் துண்டில் மடித்த சிவப்பு அரளி ஒன்றைப் பெரிய டாக்டரின் மேசைமேல் வைத்துவிட்டு அந்த மனிதர் கைகட்டி நின்றார். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். மனைவிக்கு வயிற்றில் புற்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு குலதெய்வத்திடம் பூக் கேட்கப் போயிருக்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். "சாமி வேண்டாம்னு சொல்லிப்போடுச்சுங்க" என்றார்.

தொண்ணூறுகளின் கோவையில் புற்றுநோய்க்குப் பெரிய டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான். அவர் கத்தி பிடிப்பதைப் பார்க்க வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் டாக்டர்கள் வருவார்கள். நான் அவரிடம் உதவி சர்ஜனாக இருந்தேன்; பெண் டாக்டர் என்பதால் என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். கட்டியைவிட இந்தப் பூவோடுதான் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டினோம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அவர் யாரையும் திட்டியதில்லை. அன்றும் அந்த மனிதரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்.

"சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"ஆபரேஷன் பண்ணலாமான்னுங்க."

"உங்க ஊட்டு அம்மணி பொழைக்கோணுமான்னு கேட்டுப்போட்டு வாங்க. நான் காத்திருக்கறேனுங்க."

மறுபடி கேட்க அமாவாசை வரவேண்டும் என்றார்கள். பிறகு பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. வாரங்கள் ஓடின. ஒருவழியாக வெள்ளைப் பூ வந்து, அந்த அம்மாளும் வந்து சேர்ந்தார். வயிற்றைத் திறந்ததும் டாக்டரின் கை நின்றுவிட்டது. ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தைத்து மூடினோம். கையுறையைக் கழற்றும்போது அவர் தோள்கள் தொங்கிப்போயிருந்தன.

வெளியே நின்றிருந்த கணவர், விவரம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, மொதல்லயே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று தொடங்கினார். அந்த வாரங்களில்தான் கைமீறிப் போனதா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினால் அவர் ஆயுசுக்கும் தூங்கமாட்டார். டாக்டர் அவரை முடிக்கவிடவில்லை.

"சாமி மொதல்ல சொன்னதுதானுங்க சரி. நான்தான் கேக்காம அறுத்துப்போட்டேன். உங்க மேல தப்பு இல்லீங்க."

சாமி வாக்கை மீறி வயிற்றைக் கிழித்த டாக்டர் என்று பொள்ளாச்சி வரைக்கும் பேசினார்கள். அந்தப் பக்கத்து நோயாளிகள் வருவது குறைந்தது. "ஏன் சார் இப்படி வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?" என்று நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"எனக்கு நாளைக்கு வேற கேஸ் வந்துரும், அம்மணி. அவரு அந்த ஊட்டுக்குத்தானே திரும்பிப் போகோணும்?"

இப்போது பெரிய டாக்டர் இல்லை. அவருடைய வயதும் களைப்பும் எனக்கு வந்துவிட்டன. போன வாரம் கொடுமுடியிலிருந்து வந்த ஒருவர், மகளுக்காக அதே கேள்வியைக் கேட்டார். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? டாக்டரின் பதில் நாக்குவரை வந்தது. "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றுதான் சொன்னேன். அது உண்மை. என் பெயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.