தூசிக்குப் பகையாளி நிதால்

வந்தவர்கள் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. தோளையும் ஒருமுறை தட்டிவிட்ட பிறகுதான் நிதால் நாற்காலியைக் காட்டுவாள். ஸமாவாவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித் தருகிறவள். இராக்கின் தெற்குப் பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு தூசியோடு பகை வைத்திருப்பது சாதாரணக் காரியமில்லை. தேநீர்க் கோப்பைக்கு மூடி, கீபோர்டுக்கு உறை. மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கோ ராஜ உபசாரம். காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகளுக்கு முன்னால் வாங்கும்போதே ஒரு வலை இருந்தது. அது போதாதென்று அதன்மேல் தன் நைலான் காலுறையை இழுத்து மாட்டினாள். போன மாதப் புழுதிப் புயலுக்குப் பிறகு அதற்கும் மேலே ஒரு துணி.

"ஒரு கம்பளியும் போத்திவிடுங்க அண்ணி. பாவம், குளிரும்" என்பாள் நாத்தனார் சாஹிரா.

"சிரிடி, சிரி. உன் வீட்டு டிவி மேல விரலால பேரெழுதலாம். எழுதிட்டுத்தான் வந்தேன்."

அன்று காலையிலேயே வானம் செங்கல் நிறமாகிவிட்டது. அவள் கையிலிருந்த கல்யாண வீடியோவின் மாப்பிள்ளை முஹன்னத், அதை வாங்கிக்கொண்டு மதியம் மனைவியோடு பஸ்ராவுக்குப் புறப்பட வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு வர முடியாதவர். மறுநாள் அவருக்கு இதய ஆபரேஷன். அதற்குமுன் மகளின் கல்யாணத்தை வீடியோவிலாவது பார்த்துவிட ஆசைப்பட்டார்.

வீடியோ பாதி தயாராவதற்குள் பெட்டி பேரிரைச்சல் போட்டுப் பட்டென்று அணைந்தது.

"தூசி உள்ள போயிருச்சு!" என்று நிதால் இன்னொரு துணியைக் கட்டினாள். இம்முறை இன்னும் சீக்கிரமாக அணைந்தது.

சாஹிரா பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். "அடேயப்பா, ரொட்டியே சுடலாம் போலிருக்கே! முன்னாடி காத்து துளிகூட இழுக்கல. மூக்குல மூணு துணி கட்டிக்கிட்டு நீங்க மாடி ஏறுவீங்களா?"

நிதால் ஒவ்வொன்றாக உரித்தாள். துணி, அடுத்த துணி, காலுறை. அடியில் இருந்த வலையைத் தூசி கம்பளம்போல மூடியிருந்தது. ஊரார் வீட்டு அலமாரிக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்க்கிறவள், போர்த்திய நாளிலிருந்து இதைத் திறந்து பார்க்கவே இல்லை. முகம் சிவக்க அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள்.

"ஈரத்தோட மாட்டக்கூடாது. காயணும்" என்றாள்.

"அதுவரைக்கும் வலை இல்லாம ஓட்டுங்க. ஒரு மணிநேரத் தூசியில செத்துப்போகாது. சூட்டுலதான் சாகுது."

பச்சைப்பிள்ளையைத் துணியில்லாமல் தெருவில் விடச் சொன்னதுபோல நிதால் பார்த்தாள். பிறகு ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டுகளைத் திணித்து, கதவைத் தாழிட்டு, பெட்டியை உயிர்ப்பித்தாள். விசிறிகள் இரைச்சலை விட்டு நிம்மதியாக முனகின. திரையில் சூட்டைக் காட்டும் எண் இறங்கியபடியே இருந்தது.

கதவு தடதடத்தது. "அக்கா, திறங்க! கண்ணெல்லாம் மண்ணு!"

"கண்ணைக் கழுவிக்கலாம் தம்பி. இதைக் கழுவ முடியாது. அங்கேயே நில்லு!"

முஹன்னத் நின்றான். உள்ளே சாஹிரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இம்முறை பெட்டி அணையவில்லை. வீடியோ முழுதாக முடிந்தது.

நிதால் கதவை நாலு விரல்கடை திறந்து, பென் டிரைவை வெளியே நீட்டினாள். "பஸ் போயிடப் போகுது, ஓடு. மாமாவைச் சீக்கிரம் எழுந்து வரச் சொன்னேன்னு சொல்லு."

அவன் வாங்கிக்கொண்டான். கையை உள்ளே இழுப்பதற்குமுன் அவள் அதை வெளியிலேயே இரண்டுமுறை உதறினாள்.