வேனை நிறுத்தியது பையன் இல்லை

தையல்கடையில் காஜா போடும் வேலையைப் போலப் பொறுமை கேட்கிற வேலை வேறு கிடையாது. சட்டைக்கு ஏழு பட்டன் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் ஊசியால் நெருக்கி நெருக்கிக் கட்ட வேண்டும், ஒரு பிசிறு நீட்டக்கூடாது. இருபத்தாறு வருஷமாக அதையே செய்கிற காஜாக்காவுக்குப் பொறுமை முழுவதும் ஊசியிலேயே தீர்ந்துபோகும். மனுஷர்களுக்கென்று மிச்சம் வைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்பதாவது படிக்கும் மகள் நேராகக் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேஜைமேல் பரீட்சைத் தாளை வைத்தாள். கேள்வி இதுதான்: 'நாவலில் வரும் சிறுவனின் வீரப் பண்புகளை விளக்குக.' பத்து மார்க். வந்திருந்தது முட்டை. பக்கத்தில் வாத்தியார் சிவப்பு மையில், 'சொந்தக் கற்பனை கூடாது' என்று கிறுக்கியிருந்தார்.

"என்னடி எழுதித் தொலைச்ச?"

"நீ சொன்னதைத்தான்."

"நான் எங்கடி நாவல் சொன்னேன்?"

மகள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அந்த வருஷம்தான் பாடமாக வைத்திருந்தார்கள். டிரைவர் இல்லாத பள்ளிக்கூட வேன் ஒன்று சரிவில் தானாக உருள்கிறது. உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். பத்து வயசுப் பையன் ஒருவன் சிங்கக்குட்டி மாதிரி ஓடிவந்து, வேனுக்குள் பாய்ந்து, பிரேக்கை இழுத்து நிறுத்துகிறான். பிறகு அழுது புலம்பும் டிரைவரைக் கட்டிப்பிடித்து மன்னிக்கிறான். வாத்தியார் கொடுத்த நோட்ஸில் பண்புகள் ஐந்து: துணிவு, சமயோசிதம், தன்னலமின்மை, மன்னிக்கும் குணம், பெரியோருக்குப் பணிதல்.

கத்திரியைக் கீழே வைத்துவிட்டு கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இந்த வேன் கதையைக் காஜாக்கா வாயால் அவர் நூறு தடவையாவது கேட்டிருப்பார்.

"அக்கா, உன்னை ஆம்பளையாக்கிட்டாங்களே! மீசை வெச்சாங்களான்னு பாரு."

"சும்மா இரு மாஸ்டரு. நீ என்னடி எழுதின? அதைச் சொல்லு."

"பையன் இல்லை, பொண்ணு. ஓடிவந்து பாயலை, ஏற்கெனவே வேன்லதான் இருந்தா. உட்கார இடமில்லாம இன்ஜின் மூடிமேல உட்கார்ந்திருந்தா. ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலயும் இழுத்தா. பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டா."

"அதையுமாடி எழுதின!"

"விளக்குகன்னு கேட்டிருந்தாங்க."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அளவு டேப் கழுத்திலிருந்து நழுவியது. மகள் சிரிக்கவில்லை. மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். புத்தகம் பொய் சொல்லுது என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டாளாம். எழுதியவர் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வருகிறாராம். அதற்குள், 'நான் கூறியது தவறு, வருந்துகிறேன்' என்கிற இந்தக் கடிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராவிட்டால் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது.

"போட்டுடும்மா. படிப்பு போயிடும்."

போட்டுவிடலாம் என்றுதான் காஜாக்கா பேனாவை வாங்கினாள். கடிதத்துக்கு அடியில் வைக்கப் புத்தகத்தைத் திருப்பினாள். பின்னட்டையில் எழுதியவரின் படம். தலை நரைத்து, கண்ணாடி வந்திருந்தது. ஆனால் அந்த ஒட்டுக் காதும் கோணல் மூக்கும் எங்கே போகும்?

"இந்த ஆளா!" என்றாள்.

மகளிடம் அதுவரை சொல்லாத பாதியை அன்றைக்குத்தான் சொன்னாள். வேனை ஓட்டியவன் பள்ளிக்கூட முதலாளியின் மச்சான். இன்ஜினை ஓடவிட்டு, சிகரெட் வாங்க இறங்கிப் போனவன். மறுநாள் ஆபீஸ் ரூமில், 'டிரைவர் வண்டியில்தான் இருந்தார், அவரே நிறுத்தினார்' என்று டைப் அடித்த காகிதத்தைப் பிள்ளைகள் முன்னால் நீட்டினார்கள். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். இவள் போடவில்லை. போலீஸ்காரர் கேட்டபோதும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரே வாரத்தில், ஒழுக்கம் சரியில்லை என்று எழுதி டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எந்தப் பள்ளியும் இவளைச் சேர்க்கவில்லை. அன்றைக்கு அந்தக் காகிதத்தை டைப் அடித்த கிளார்க்தான் இந்த எழுத்தாளர்.

"படிப்பு ஏறலைன்னுதானேம்மா சொன்ன?"

"ஏறிட்டுதான்டி இருந்துச்சு. இறக்கிவிட்டாங்க."

பேனாவை மூடி மகளிடமே கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் எழுத்தாளர் டீ குடித்துக்கொண்டே, அடுக்கி வைத்த புத்தகங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நூல் பிசிறு ஒட்டிய புடவையோடு காஜாக்கா எதிரே போய் நின்றாள். பக்கத்தில் மகள்.

"என்னைத் தெரியுதா சார்?"

"வாசகியாம்மா?"

"இல்லை சார். கதாநாயகன்."

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. வாத்தியார் பதறிப்போய், "அம்மா, லெட்டரைக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார்.

"இருங்க வாத்தியாரே. சார், உங்க காகிதத்துல பத்தொன்பதாவது இடம் காலியா இருந்துச்சே, அதை இந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல எழுதினீங்க?"

எழுத்தாளர் தொண்டையைச் செருமினார். "கதைன்னா நாலு மாத்தம் இருக்கும்மா. பையன்னா விறுவிறுப்பா இருக்கும். முடிவும் நல்லபடியா இருந்தாத்தான் பாடமா வைப்பாங்க."

"பையனா மாத்தினீங்க, போகட்டும். பாய்ஞ்சேன்னு எழுதினீங்க, அதுவும் போகட்டும், பாயணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? மன்னிச்சேன்னு எழுத உங்களுக்கு யாரு சார் அதிகாரம் குடுத்தது? நான் இன்னும் மன்னிக்கலையே! அந்த ஆளையும் மன்னிக்கலை, அந்தக் காகிதத்தை அடிச்ச கையையும் மன்னிக்கலை. பெரியவங்களுக்குப் பணியிறதாமே! பணிஞ்சிருந்தா இந்நேரம் நான் டீச்சர், தெரியுமா?"

கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "வருத்தம் தெரிவிக்கணுமாம். கையெழுத்துப் போடற இடம் காலியாத்தான் இருக்கு. நல்லாப் படிச்சுட்டே போடுங்க."

அவர் படித்தார். பேனா காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு மூடிக்கொண்டது. வாத்தியாரைப் பார்க்காமலே, "இந்தப் பிள்ளை எழுதினது சரிதான் சார். லெட்டரெல்லாம் வேண்டாம்" என்றார்.

"அப்போ மார்க்?" என்றாள் மகள்.

வாத்தியார் நோட்ஸைப் புரட்டினார். "வகுப்புக்கு வந்துக்கோ. மார்க் போட முடியாதும்மா, விடையில அப்படி இல்லையே."

எழுதியவனே சரி என்று சொன்ன பிறகும், நோட்ஸ் இல்லை என்கிறதாம்! இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

கடைக்குக் கிளம்பிய காஜாக்கா, கூட்ட அறையின் ஜன்னலோரம் நின்றாள். மேடையில் எழுத்தாளர் மைக்கைப் பிடித்தார். "அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டாள். "அந்தச் சிறுவன்..." என்றார் அவர். குரல்கூடப் பிசிறவில்லை. வேனுக்குள் பாய்ந்தான், கட்டித் தழுவினான், மன்னித்தான்.

"எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுங்க!" என்றார் வாத்தியார்.

அறை முழுக்க எழுந்து நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு தலை மட்டும் கீழேயே இருந்தது. கையை மடியில் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. வாத்தியார் அந்தப் பக்கம் முறைத்தார். விரலை மேலும் கீழும் ஆட்டினார். தலை அசையவில்லை.

காஜாக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பத்தாவது முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இன்னொரு டி.சி. எழுத எத்தனை நிமிஷம் ஆகும்? எந்திரிடி என்று ஜாடை காட்ட, கை தானாக ஜன்னல் கம்பிவரை போய்விட்டது.

கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜாடை காட்டவில்லை.