அரைக்காதனின் உடல்

நுன்சியா கோலபெல்லா காமிக்ஸ் வரையப் போனது கலையின் மேல் ஆசைப்பட்டு அல்ல. தையல் ஆலையில் பஞ்சுத்தூசு அவளை இருமவைத்தது. மன்ஹாட்டனில் ஒரு காமிக்ஸ் கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. நீலச்சுடர் என்ற பறக்கும் வீரனை ஆண்கள் வரைந்தார்கள். அவனிடம் உதை வாங்கும் கொள்ளைக்கூட்டத் தலைவர்களின் முகங்கள் இவள் தலையில் விழுந்தன.

ஒரு மாதம் முகம் எதுவும் தோன்றவில்லை. தம்பி சபாத்தீனோவின் முகத்தைப் போட்டாள். சிறுவயதில் நாய் கடித்துப் பாதியாகிப்போன இடது காது உட்பட. வில்லனுக்கு அரைக்காதன் என்று பெயர் வந்தது.

சபாத்தீனோ ப்ரூக்ளின் துறைமுகத்தில் ஸ்காலீசே என்ற கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு எடுபிடி. புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏன்க்கா, இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?"

"நேர்ல இதைவிட மோசம்டா."

துறைமுகம் முழுக்கக் காட்டித் திரிந்தான்.

அடுத்த கதைக்கு ஒரு பதுங்குமிடம் வேண்டியிருந்தது. எப்போதோ தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோன ஐஸ் கிடங்கு நினைவுக்கு வந்தது. கதவுக்கு மேலே உடைந்த லாடம், ஐஸ் பாளங்களுக்குப் பின்னால் காபி மூட்டைகள். கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தாள். அவை கப்பலில் திருடியவை என்று அவள் யோசிக்கவில்லை.

புத்தகம் கடைக்கு வந்த வாரம் சபாத்தீனோ கூடத்து வாசலில் வந்து நின்றான்.

"காதை வரைஞ்சே, சிரிச்சேன். கிடங்கை ஏன்க்கா வரைஞ்சே? நான்தான் வாயைத் திறந்துட்டேன்னு ஸ்காலீசே நினைக்கிறான்."

"நான் போய்ச் சொல்றேன், நானாவே வரைஞ்சேன்னு."

"உனக்கு யார் காட்டினதுன்னு கேப்பான். விடு."

"அப்ப பாஸ்டனுக்குப் போயிடு. இன்னைக்கே."

"ஞாயித்துக்கிழமை அம்மா பேருக்குரிய மாதாவோட திருநாள். சாப்பிட்டுட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா கார்மெலா அடுப்பில் வைத்த குழம்பு வற்றிப்போனது. அவன் வரவில்லை. படகுத்துறையில் அவன் தொப்பி மட்டும் கிடைத்தது.

அதே புத்தகத்தின் கடைசிக் கட்டத்திலும் அரைக்காதனின் தொப்பி மட்டும்தான் தண்ணீரில் மிதந்தது. காமிக்ஸ் கூடத்தின் ஆசிரியர் ஃபைஃபரின் வழக்கம் அது. "வில்லன் உடலைக் காட்டாதேம்மா. நல்லா வித்தா அவனைத் திரும்பக் கொண்டுவரணும்ல?"

நன்றாக விற்றது.

"வேற ஒருத்தனை வரையறேனே சார்," என்று கெஞ்சினாள். தம்பி விஷயம் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

"வேற எவனும் விக்கலையே!"

வரைந்தாள். அட்டையில் அரைக்காதன் சொட்டச் சொட்ட நனைந்து படகுத்துறையில் ஏறினான். கார்மெலாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. கடை வாசலில் அந்த அட்டையின் முன் வெகுநேரம் நின்றாள்.

"அவனுக்கு நீச்சல் தெரியும்," என்றாள் வீட்டுக்கு வந்து. அன்றிலிருந்து மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த மறுத்தாள். இறந்தவர்களுக்கான பூசை பற்றிப் பேசவந்த பாதிரியாரை வாசலோடு அனுப்பினாள்.

ஆண்டுகள் போயின. அரைக்காதன் எரிந்தான், ரயிலுக்கு அடியில் விழுந்தான், திரும்பி வந்தான். தட்டும் மேஜையிலேயே இருந்தது.

பிறகு, காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஊரெங்கும் கூச்சல் கிளம்பியது. ஃபைஃபர் வியர்த்துப்போனார்.

"இனிமே எவனும் தப்பிக்கக் கூடாது. செத்தான்னு பளிச்சுனு தெரியணும். இந்தத் தடவை உடலைக் காட்டிடு."

நுன்சியா காலை முழுக்கத் தலை நிமிராமல் வரைந்தாள். படகுத்துறைப் பலகைமேல் அவனைக் கிடத்தினாள். நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். கண்களை மூடினாள்.

"கண்ணு திறந்திருந்தா இன்னும் பயங்கரமா இருக்குமே," என்றார் ஃபைஃபர்.

"மூடியாச்சு சார்."

எப்படியும் அம்மா கடை வாசலில் பார்த்துவிடுவாள். அதனால் புத்தகத்தைத் தானே கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் விரித்தாள். கார்மெலா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அந்தக் காதின்மேல் விரலை வைத்தாள்.

"கண்ணை யாரு மூடினது?"

"நான்தாம்மா."

கார்மெலா, யாரும் சாப்பிடாத அந்தத் தட்டை எடுத்துக் கழுவினாள். துடைத்து அலமாரிக்குள் வைத்தாள். பிறகு உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்த கறுப்பு உடையை வெளியே எடுத்தாள்.