கொப்பியில் இல்லாத கல்லூரி

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நாலு பத்துக்கு அப்பா என்னிடம் நோட்டுக் கொப்பியைக் கேட்டார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த லிட்கம்மில், எங்கள் வரவேற்பறைக் கதிரையில் மிக உயரமான ஓர் அமெரிக்கர் காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். தன் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அண்ணாவை முழுப் புலமைப்பரிசிலில் கேட்டு வந்த பயிற்சியாளர். அம்மா பொரித்த ரோல்ஸைக் கடித்து முகம் சிவந்துவிட்டார்.

"பாவம், மனுசனுக்கு உறைச்சுப்போச்சு. தண்ணி குடுங்கோ" என்றார் அம்மா.

அப்பாவுக்குக் கூடைப்பந்து தெரியாது, பள்ளிக்கூடங்களைத் தெரியும். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தை, அங்கிருந்து எத்தனை பேர் மருத்துவத்துக்கு எடுபட்டார்கள் என்று கேட்டுத்தான் மதிப்பார்கள். அதையே ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் அமெரிக்காவின் பெரிய லீக்கில் விளையாடியிருக்கிறார்கள்?

ஒருவர் என்றார் அவர், சற்றுப் பெருமையாக.

"எல்லாப் பள்ளிக்கூடமும் தன்ரை கணக்கைக் கூட்டித்தான் சொல்லும்" என்று அப்பா தமிழில் முணுமுணுத்தார். "பிள்ளை, அந்தக் கொப்பியைக் கொண்டு வா."

அது அண்ணாவும் நானும் எழுதிய கொப்பி. சப்பாத்துப் பெட்டி நிறைய அவர் சேர்த்திருந்த, அந்த லீக் வீரர்களின் அட்டைகளில், ஒவ்வொருவரும் படித்த கல்லூரியின் பெயர் பின்பக்கம் இருக்கும். அண்ணா வாசிப்பார், ஒன்பது வயது நான் பென்சிலால் கோடு போடுவேன். எந்தக் கல்லூரி முதலிடம் என்று விடுமுறை முழுக்க எண்ணியதைப் பார்த்த அப்பா, அந்தக் கணக்கை முழுதாக நம்பினார். சில கல்லூரிகளுக்குக் கோடுகள் அடுத்த வரிக்கும் ஓடின. பயிற்சியாளரின் கல்லூரிக்கு ஒரே கோடு. அன்று காலை, பெயரோடு சேர்த்து, அதை நான் அழித்திருந்தேன். அட்டையை என் நூலகப் பையில் ஒளித்தேன். அண்ணா போய்விட்டால் எனக்கு வாசிக்க யார் இருக்கிறார்கள்?

அப்பா பக்கம் பக்கமாகத் தேடினார்.

"இதில ஒருத்தரும் இல்லையே. நீ ஒண்டையும் விடேல்லைத்தானே?"

"இல்லை, அப்பா."

அண்ணா என்னைப் பார்த்தார். அந்த அட்டைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வாய் திறக்கவில்லை.

"முதல் நாளே பொய் சொல்லுற ஆளோட பிள்ளையை எப்பிடி விடுறது?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பிறகு விருந்தாளியிடம், யோசித்துச் சொல்கிறோம் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மாட்டோம் என்று பொருள்.

அண்ணா இப்போது மெல்பேர்ணில், ட்ருகனினாவில் இருக்கிறார். பொறியியலாளர். என் பிறந்தநாளுக்குத் தொலைபேசி எடுப்பார், ஐந்து நிமிடம். பந்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. என் மகள் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மேசைப் பக்கம் நான் போவதேயில்லை.

அண்ணா அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கலாம். அப்பாவின் கோபம் என்மேல் இறங்கியிருக்கும். அது அன்று எனக்கு விளங்கவில்லை. நான் பிடிபடவில்லை என்றே மகிழ்ந்தேன்.

அன்று மாலை பயிற்சியாளரை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு அண்ணா தனியாகத் திரும்பி வந்தார். நான் வாசல் கேற்றடியில் காத்து நின்றேன். தலையில் மெல்லக் குட்டினார்.

"ஏன் முழிச்சுக்கொண்டு நிக்கிறாய்? உள்ளுக்குப் போ, குளிருது. நான் ஒரு இடமும் போகேல்லை."